வாறண்டி எண்டொரு சொல்

பிரிஜ் திருத்துறது லேசான தொழில், ஒரு வீட்டுப் படலையிலை நிண்டு “வாறண்டி இருக்கோ?” எண்டு கேக்கிறதுதான் ஆளைத் திண்டுபோடுற தொழில். நீங்களும் ஒருநாளாவது அந்தச் சின்ன மட்டையைத் தேடி அலுமாரியைக் கவிட்டுக் கொட்டியிருப்பியள். கலியாண அல்பம், பிள்ளையின்ரை தடுப்பூசிக் காட், போன வருசத்துக் கலண்டர் எல்லாம் வந்திருக்கும். மட்டை வந்திராது. வந்தாலும் அதிலை கடைச் சீல் இருந்திராது. சீல் இருந்தால் திகதி முடிஞ்சிருக்கும். அப்ப நீங்களும் எங்கடை ஆள்தான். இருங்கோ, கதைப்பம்.

எனக்கு ஊர் வேலணை. யாழ்ப்பாணம் ரவுணிலை ஒரு மின்சாரச் சாமான் கடைக்குச் சேர்விஸ் பாக்கிறன். கடைப் பேர் சொல்லமாட்டன், சோறு போடுற கடை. தீவுப்பகுதி முழுக்க என்ரை தலையிலை. ஊர்காவற்துறை, காரைநகர் எண்டால் மோட்டச்சைக்கிள். நயினாதீவு, நெடுந்தீவு எண்டால் குறிகட்டுவானிலை போட் ஏற வேணும். பன்னிரண்டு வருசமாச்சு. என்ரை பேர் என்னெண்டு தீவிலை ஒருத்தருக்கும் தெரியாது. “வாறண்டித் தம்பி” எண்டால் நாயும் வாலாட்டும்.

வாறண்டி எண்டால் வேறை ஒண்டுமில்லை. சாமான் பழுதானால் நாங்கள் பொறுப்பு எண்டு கொம்பனி எழுதிக் குடுக்கிற வாக்கு. வாக்கு பெரிய எழுத்திலை முன்பக்கம் இருக்கும். அந்த வாக்கைக் காப்பாத்தாமல் விடுறதுக்கான காரணங்கள் பின்பக்கம் பொடி எழுத்திலை இருக்கும். முன்பக்கத்தைக் கடையிலை நிக்கிற பிள்ளையள் சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சுக் காட்டுவினம். பின்பக்கத்தை வாசிக்க என்னை அனுப்புவினம்.

கரண்டி

தொழிலுக்கு வந்த புதுசிலை காரைநகரிலை ஒரு வீடு. வயசு போனவைக்கு வாறண்டி எண்டால் விளங்காது, “கரண்டி” எண்டு கேளும் எண்டு கடையிலை ஒருத்தர் எனக்குப் படிப்பிச்சு விட்டவர். இங்கிலீசிலை கரண்டி, வாறண்டி ரெண்டும் ஒரே சாமான்தானாம். நானும் போய், “அம்மா, பிரிஜ்ஜின்ரை கரண்டி இருக்கோ?” எண்டு கேட்டன். மனிசி குசினிக்குள்ளை போனா. சடார் புடார் எண்டு சத்தம். ஒரு தட்டம் நிறைய ஏழெட்டுக் கரண்டியைக் கொண்டந்து மேசையிலை வைச்சா. ஐஸ் கிண்டி எடுக்கக் கேக்கிறனாக்கும் எண்டு நினைச்சிருக்கிறா.

இல்லையம்மா, இது கடையிலை பிரிஜ்ஜோடை தாற கரண்டி எண்டு சொன்னன். மனிசியின்ரை முகம் அப்பிடியே மாறிப் போச்சு. உள்ளுக்கை திரும்பிப் புருசனைக் கூப்பிட்டுக் கத்தினா:

“இஞ்சருங்கோ, பிரிஜ்ஜோடை கரண்டியும் தாறவங்களாம். எங்களுக்குத் தரேல்லை. கடைக்காரன் சுத்திப்போட்டான்!”

வீட்டுக்காரன் பேர்

நெடுந்தீவிலை றீற்றா அக்கா எண்டொரு ஆள். அறுபது வயசு வரும். இறங்குதுறைக்குக் கிட்டக் குடிசைக் கடை ஒண்டு போட்டு, போட்டாலை இறங்கிற சனத்துக்குத் தோடம்பழத் தண்ணியும் ஐஸ் பைக்கற்றும் விக்கிறவ. நெடுந்தீவு வெயிலைக் கண்டவைக்குத் தெரியும், அந்த மனிசி விக்கிறது தண்ணி இல்லை, உயிர். அந்த யாவாரம் முழுக்க வீட்டிலை நிக்கிற ஒரு பிரிஜ்ஜை நம்பித்தான். பிரான்சிலை இருக்கிற தங்கச்சி வாங்கக் காசு குடுத்தவவாம். அது குளிரேல்லை எண்டு போன் வந்து நான் போனனான். பாத்தன், கொம்பிரசர் போட்டுது. பிரிஜ்ஜுக்கு நெஞ்சு நிண்டமாதிரி. வாங்கி ஒரு வருசமும் ஆகேல்லை, கொம்பிரசருக்கு வாறண்டி அஞ்சு வருசம். “ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ அக்கா, மட்டையை எடுங்கோ” எண்டன்.

நான் பாத்த வாறண்டி மட்டையளுக்குள்ளை அதுதான் வடிவான மட்டை. பொலித்தீன் போட்டு, பைபிளுக்குள்ளை வைச்சிருந்தவ. சீல் இருக்கு, திகதி இருக்கு. பேர் எண்ட இடத்திலை “ஜெறோம்” எண்டு கிடக்கு. “இது ஆரக்கா?” எண்டன். சுவரிலை ஒரு படத்தைக் காட்டினா. மீசை அரும்பின முகம். இருபது வருசத்துக்குக் கிட்ட முந்தி, பத்தொன்பது வயசிலை, வீட்டை வந்த ஆக்கள் ஒருக்கா விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு கூட்டிக்கொண்டு போனவை. ஆர் வந்தது, எங்கை கொண்டு போனது எண்டு இண்டைவரை ஒருத்தரும் சொல்லேல்லை. வாசல்லை நிண்டு செருப்பைக் கொழுவிக்கொண்டு, “வாறன் அம்மா” எண்டு சொல்லிப்போட்டுப் போன பிள்ளை.

ஏனக்கா அவன்ரை பேரிலை எடுத்தனீங்கள் எண்டு மட்டும் கேட்டன். நான்தான் விசரன் எண்ட மாதிரி என்னை ஒரு பார்வை பாத்தா.

“வீட்டுச் சாமான் வீட்டுக்காரன் பேரிலைதானே தம்பி இருக்க வேணும்?”

கடவுளின் செயல்

ஊர்காவற்துறையிலை சவிரி அண்ணை. கடற்தொழில் செய்த மனிசன், ஒரு கால் முழங்காலுக்குக் கீழை இல்லை. சண்டைக் காலத்திலை செல் விழுந்து போனது. கடலுக்குப் போக ஏலாமல் மீன் வாங்கி விக்கிறார். ஒரு மழைநாள் மின்னல் அடிச்சு அவற்றை பெரிய பிறீசர் கருகிப் போச்சு. நான் மட்டையின்ரை பின்பக்கத்தை வாசிச்சுக் காட்டினன்: “இடி, மின்னல், வெள்ளம் முதலான கடவுளின் செயல்களுக்குக் கம்பனி பொறுப்பேற்காது.” வாசிக்கேக்கை எனக்கே வெக்கமாத்தான் கிடந்தது. ஆனால் எழுதினது நானில்லையே.

திருப்பி வாசியும் எண்டார். வாசிச்சன். உப்புக்காத்திலை இரும்பு கறள் பிடிச்சாலும் கடவுளோ எண்டு கேட்டார். அதுக்கு வேறை வசனம் இருக்கண்ணை எண்டன். சண்டைக்கு வருவார் எண்டு பாத்தால், கட்டையை ஊண்டி எழும்பி, ஏதோ பெரிய கணக்கு ஒண்டு தீந்த மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டார். மனிசன் சிரிச்சது அழுகையை விட மோசம்.

“கடவுளின்ரை செயல் எண்டு எழுதினால் ஒருத்தரும் பொறுப்பில்லை. இது தெரியாமல் இவ்வளவு காலமும் என்ரை காலுக்கு ஆர் பொறுப்பெண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சிட்டன் தம்பி.”

மூண்டாவது பெட்டி

றீற்றா அக்காவின்ரை மட்டையைக் கொண்டுபோய்க் கடையிலை சுகிர்தாட்டைக் குடுத்தன். சுகிர்தா எங்கடை கவுண்டரிலை இருக்கிற பிள்ளை. நல்ல பிள்ளை, ஆனால் நிரப்புற போம் எண்டால் அவளுக்கு வேதம். கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்புற போமை எடுத்தாள். உரிமையாளர் கையொப்பம் எண்டு ஒரு இடம். அதுக்குக் கீழை ரெண்டு பெட்டி. ஒண்டு, “உரிமையாளர் நேரில் சமூகமளித்துக் கையொப்பமிட்டார்.” மற்றது, “உரிமையாளர் காலமாகிவிட்டார். மரணச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது.” ரெண்டிலை ஒண்டுக்குச் சரி போட வேணும்.

ஆளைக் காணேல்லையடி பிள்ளை, கூட்டிக்கொண்டு போனவங்கள், தாய் இருக்கிறா, தாயிட்டைக் கையெழுத்து வாங்கினால் காணாதோ எண்டு கேட்டன். கொழும்புக்குப் போன் எடுத்தாள். எனக்கு முன்னாலைதான் கதைச்சாள். அங்காலை இருந்தவர் என்ன சொன்னார் எண்டு எனக்குக் கேக்கேல்லை, இவள் “ஓம் சேர், ஓம் சேர்” எண்டதுதான் கேட்டது. போனை வைச்சிட்டு என்னை நிமிந்து பாக்கேல்லை.

“ஒண்டில் ஆள் வரவேணும் அண்ணை, இல்லாட்டில் செத்த சேட்டிபிக்கேற் வரவேணும். காணாமல் போன ஆளுக்கு இந்தப் போமிலை பெட்டி இல்லை.”

படலைக்கு வெளியிலை

இதை ஆர் போய்ச் சொல்லுறது? நான்தான். போனிலை சொல்லுவம் எண்டு மூண்டு தரம் நம்பர் அமத்தி மூண்டு தரமும் கட் பண்ணினன். பேந்து நெடுந்தீவுக்கு வேறை ஒரு வேலை வந்தது, போனன். றீற்றா அக்கா பக்கத்து வீட்டுத் திரேசா அக்காவோடை விறாந்தையிலை இருந்தா. ரெண்டு பேரும் ஒண்டாப் பள்ளிக்கூடம் போன ஆக்கள், இந்த வயசிலையும் வாடி போடிதான். யாவாரம் நிண்டுபோய், தோடம்பழத்தைச் சும்மா உரிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவை. எனக்கும் ரெண்டு சுளை தந்தவை. வாயிலை வைச்சுக்கொண்டுதான் சொன்னன். எப்பிடிச் சுத்தி வளைச்சாலும் கடைசியிலை அந்தச் சொல்லு வாயிலை வரத்தானே வேணும். மரணச் சான்றிதழ்.

திரேசா அக்கா “இயேசுவே” எண்டா. றீற்றா அக்கா கையிலை இருந்த சுளையைக் கீழை வைச்சா. கந்தோர் கந்தோரா இதைத்தான் கேட்டவையாம். சேட்டிபிக்கேற் எடுத்தால் உதவி தருவம், எடுத்தால் பைலை முடிப்பம் எண்டு சொன்னவையாம். ஒருநாளும் எடுக்கேல்லை. தான் கையெழுத்து வைச்சால்தான் பிள்ளை சாவான் எண்டால், தன்ரை கை விழுந்து போனாலும் வைக்கமாட்டனெண்டு சொன்னவவாம். எழும்பி வந்து என்னை மெதுவாப் படலைவரை கூட்டிக்கொண்டு வந்து, வெளியிலை விட்டு, கொக்கியைக் கொழுவினா.

“நான் சுடுதண்ணி வித்துப் பிழைக்கிறன் தம்பி. என்ரை பிள்ளையைச் சாகக் குடுக்கச் சொல்லி இந்தப் படலைக்குள்ளை நீர் இனி வராதையும்.”

வேலி பாய்ஞ்சவர்

அந்தக் கிழமை எனக்கு மண்டை சரியில்லை. அந்த மண்டையோடைதான் ஊர்காவற்துறைக்கு அங்காலை ஒரு வீட்டை போனன். வோஷிங் மெஷின் சுத்தேல்லை எண்டு மனிசி போன் எடுத்தது. படலையிலை நிண்டு, “வாறண்டி விசயமா வந்தனான்” எண்டு குரல் குடுத்தன். பின்பக்கத்தாலை தடதட எண்டு ஒரு சத்தம். சாரத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆம்பிளை வேலி பாய்ஞ்சு, பனங்காட்டுக்குள்ளாலை கடற்கரைப் பக்கம் ஓடுறார். வீட்டுக்கார மனிசி வெளியிலை வந்து, “அவர் வவுனியாவிலை, ஆறு மாசமா இஞ்சை வரேல்லை” எண்டு பாடமாக்கின மாதிரி ஒப்புவிச்சா. அவவின்ரை காலடியிலை ஒற்றை ஆம்பிளைச் செருப்புக் கிடக்கு.

நான் மெஷினைத் திறந்து வேலை செய்து முடிக்குமட்டும் மனிசன் வரேல்லை. பிறகுதான் மனிசி அழுதழுது சொன்னா. மச்சான்காரன் ஒருத்தன் ஒரு வழக்கிலை மாட்ட, இவர் கோட்டிலை ஆள்பிணை நிண்டவர். மச்சான் வெளிநாட்டுக்குப் பறந்திட்டான். பிணை நிண்ட ஆளுக்கு இப்ப வாறண்டு, ஆளைப் பிடிக்கச் சொல்லிக் கோட்டுப் பிடியாணை. என்ரை வாறண்டி இவற்றை காதுக்கு வாறண்டாக் கேட்டிருக்கு. கழுத்தளவு கடல் தண்ணிக்குள்ளை நிண்ட மனிசனை அவையின்ரை பிள்ளை போய்க் கூட்டிக்கொண்டு வந்தது. கால் முழுக்க முள்ளுக்கம்பி கிழிச்ச ரத்தம். என்னைக் கண்டதும் கோவிப்பார் எண்டு பாத்தன். மனிசன் கையெடுத்துக் கும்பிட்டுது.

“இனி வந்தால் மெஷின் எண்டு மட்டும் சொல்லும் தம்பி. மற்றச் சொல்லை இந்த ஒழுங்கைக்குள்ளை கொண்டு வராதையும்.”

சொல்லுக்கு ஊர் எது?

வேலணையிலை எங்கடை வீட்டுக்கு நாலு வளவு தள்ளி ஒரு இங்கிலீஸ் ரீச்சர். என்னை விட ரெண்டு வயசு குறைவு, வாய் மட்டும் பத்து வயசு கூட. அவவின்ரை பிரிஜ்ஜின்ரை ரப்பர் மாத்தப் போன இடத்திலை வேலி பாய்ஞ்ச கதையைச் சொன்னன். சிரிப்பா எண்டு பாத்தன். சிரிக்கேல்லை. “அந்த மனிசனுக்குக் காது பிழையில்லை. ரெண்டும் ஒரு சொல்லுத்தான்” எண்டு போய்ப் பெரிய அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தா.

நல்லாத்தான் விளங்கப்படுத்தினா. வாறண்டி, வாறண்டு, கரண்டி மூண்டும் ஒரு வயித்துப் பிள்ளையளாம். பிரெஞ்சுக்காரரிட்டை இருந்து இங்கிலீசுக்குப் போன சொல்லு. பிரான்சிலை வடக்குப் பக்கத்துச் சனம் ‘வ’ எண்டு சொன்னதை மற்றப் பக்கத்துச் சனம் ‘க’ எண்டு சொன்னதாம். அதாலை ஒண்டு வாறண்டியாச்சு, ஒண்டு கரண்டியாச்சு. அதுக்கும் முந்தி, ஆதியிலை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் காயிதமில்லையாம், ஆளாம். இன்னொருத்தனுக்குப் பொறுப்பெண்டு முன்னாலை வந்து நிக்கிற ஆள். காவல் நிக்கிற ஆள். பிறகு பிறகுதான் ஆள் போய்க் காயிதம் வந்ததாம். நான் ரப்பரைக் கையிலை பிடிச்சபடி நிண்டன். அப்ப பிடிக்க வாற காயிதத்துக்கு ஏன் ரீச்சர் அந்தப் பேர் எண்டு கேட்டன். பிடிக்கிறவனுக்கு ராசாவின்ரை பாதுகாப்பு எண்டு எழுதிக் குடுத்த காயிதமாம் அது. பிடிபடுறவனுக்கு இல்லை.

“ஒரே சொல்லுத்தான் பாரும். உந்த வெள்ளைக்காரங்கள் காப்பாத்திற அர்த்தத்தைத் தங்களோடை வைச்சுக்கொண்டு, மற்ற அர்த்தத்தை எங்களுக்குக் கப்பலேத்திப் போட்டாங்கள்.”

ஒரு சரி

ரீச்சர் சொன்னதிலை ஒரு சொல்லு என்னை விடேல்லை. ஆள். முன்னாலை வந்து நிக்கிற ஆள். ரெண்டு நாள் மோட்டச்சைக்கிளிலை போகேக்கையும் வரேக்கையும் அதே யோசினை. மூண்டாம் நாள் சுகிர்தா தேத்தண்ணி குடிக்க உள்ளுக்கை போன நேரம், அந்தப் போமை இழுத்து எடுத்து, உரிமையாளர் கையொப்பம் எண்ட இடத்திலை “ஜெறோம்” எண்டு எழுதினன். அந்தப் பிள்ளை எப்பிடிக் கையெழுத்து வைக்குமெண்டு எனக்கென்ன தெரியும்? என்ரை கையெழுத்திலைதான் எழுதினன். பேந்து முதல் பெட்டிக்குள்ளை ஒரு சரி போட்டன். உரிமையாளர் நேரில் சமூகமளித்துக் கையொப்பமிட்டார்.

நான் செய்தது களவு. தெரிஞ்சுதான் செய்தனான். எனக்குச் சந்தோசமாயும் கிடந்தது, அதையும் சொல்லிப்போட வேணும். ஏதோ பெரிய வீரம் செய்தவன் மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன். சுகிர்தா வந்து பாத்தாள். போமைப் பாத்தாள், என்னைப் பாத்தாள், உறைக்குள்ளை போட்டு ஒட்டினாள். ஒட்டினாப் பிறகுதான் வாய் திறந்தாள்.

“வந்தவர் நல்ல உயரமோ அண்ணை? ஆரும் கேட்டால் நானும் ஒரேமாதிரிச் சொல்ல வேணுமெல்லே.”

வாறாண்டி

கொம்பிரசர் கொழும்பிலை இருந்து வந்திட்டுது. ஆனால் கச்சான் காத்து, கடல் கொந்தளிப்பு, ஆறு நாள் போட் ஓடேல்லை. ஏழாம் நாள் போட் நிறையச் சனம், மூட்டை, கோழிக் கூடு, அதுக்குள்ளை மடியிலை கொம்பிரசரோடை நான். அந்த மனிசியின்ரை முகத்தை நினைச்சு எனக்குள்ளை சிரிச்சுக்கொண்டு போனன். இனிப் படலைக்குள்ளை வராதையும் எண்ட மனிசியெல்லே, இப்ப என்ன சொல்லுறா பாப்பம் எண்டு.

ஒழுங்கையிலை என்னைத் திரேசா அக்காதான் முதல் கண்டா. வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, வீட்டுப் பக்கம் திரும்பிப் பெரிசாக் கத்தினா: “றீற்றா! வாறண்டி! வாறண்டி!” உள்ளுக்கை ஏதோ பாத்திரம் விழுந்தது. றீற்றா அக்கா ஓடி வந்தா. அறுபது வயசு மனிசி, செருப்பில்லை, குளிச்ச தலை துவட்டேல்லை, பெட்டி மடிப்புக் குலையாத சீலை. படலைக் கொக்கி கையிலை சிக்கினதையும் பாக்காமல் இழுத்துத் திறந்து, என்னைத் தாண்டி ஒழுங்கையிலை நாலடி போய் நிண்டு, வலப்பக்கம் பாத்தா, இடப்பக்கம் பாத்தா. குசினிக்குள்ளை இருந்து நண்டுக்கறி வாசம். பிறகு என்ரை கையைப் பிடிச்சா. “எங்கை? வாறான் எண்டாளே. பின்னாலை வாறானே?”

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. திரேசா சொன்னது வாறண்டி அக்கா, பிரிஜ் வாறண்டி எண்டன். மனிசி தலையாட்டேல்லை. சட்டைக்குள்ளை இருந்து மடிச்ச காயிதம் ஒண்டை எடுத்து என்ரை கையிலை வைச்சா. போட் நிக்க முந்தின நாள் தபாலிலை வந்திருக்கு. எங்கடை கொம்பனிக் காயிதம். கொழும்பிலை இருந்து நேரை இவவுக்குப் போட்டிருக்கிறாங்கள். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. “திரு. ஜெறோம் அவர்களுக்கு. தாங்கள் எமது யாழ்ப்பாணக் கிளைக்கு நேரில் சமூகமளித்துக் கையொப்பமிட்டமையை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.” ஆறு நாள் போட் இல்லை. ஆறு நாளும் மனிசி இறங்குதுறையிலை போய் நிண்டிருக்கிறா. யாழ்ப்பாணம் வரைக்கும் வந்த பிள்ளைக்குக் கடல் விடேல்லை எண்டு நினைச்சிருக்கிறா. அண்டைக்குப் போட் ஓடுது எண்டு கேள்விப்பட்டு, நேரத்தோடை வீட்டை வந்து சமைச்சிருக்கிறா. அப்ப திரேசா கத்தின வாறண்டி, இவவின்ரை காதிலை “வாறாண்டி!”

சொன்னன். என்ன செய்யிறது, ஒழுங்கையிலை நிண்டபடி சொன்னன். நான்தான் அக்கா எழுதினனான். அவன் வரேல்லை. ஒருத்தரும் வரேல்லை. என்ரை கைதான். சொல்லேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது. திரேசா அக்கா வேலிக்கு அங்காலை நிண்டு, “பாழ்படுவானே, நாசமாப் போவானே, அவளைச் சாகடிச்சுப் போட்டியேடா” எண்டு மண் அள்ளி எறிஞ்சா. எறியத்தான் வேணும். அவ எறியாட்டில் நான் என்னெண்டு அந்த இடத்திலை நிண்டிருப்பன் எண்டு தெரியேல்லை.

றீற்றா அக்கா உள்ளுக்கை போய் அடுப்பைத் தண்ணி ஊத்தி நூத்தா. விறாந்தைக் கதிரையிலை இருந்தா. போ எண்டும் சொல்லேல்லை, இரு எண்டும் சொல்லேல்லை. நான் வேறை என்ன செய்ய? பிரிஜ்ஜை இழுத்துத் திருப்பி வைச்சு வேலை செய்தன். பழசைக் கழட்டி, புதுசை வைச்சு, பைப் ஒட்டி, காஸ் விட்டு, பிளக்கைக் குத்தினன். உறுமிக்கொண்டு வேலை செய்யத் தொடங்கிச்சு. எனக்கு அதைக் கேக்க வெக்கமாக் கிடந்தது. சாமானை அடுக்கிக்கொண்டு, அந்தக் காயிதத்தைத் தாங்கோ அக்கா, பிழையான காயிதம், கிழிச்சுப் போடுறன் எண்டு கையை நீட்டினன். காயிதத்தை நெஞ்சோடை வைச்சுக் கையாலை மூடினா. அப்பதான் முதல்தரம் என்ரை முகத்தைப் பாத்தா. கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“இருபது வருசமா எத்தினை கந்தோருக்கு எழுதினனான் தம்பி. அவன் வந்தவன் எண்டு எழுதித் தந்தது உங்கடை கந்தோர் ஒண்டுதான். இதைத் திருப்பிக் கேக்காதையும்.”

புதுக் கொம்பிரசருக்கு அஞ்சு வருச வாறண்டி எண்டு மட்டையிலை எழுதிச் சீல் குத்திக் குடுத்திட்டு வந்தனான். நான் வைச்ச கையெழுத்துக்கு எத்தினை வருசம் எண்டு மட்டையின்ரை பின்பக்கத்தை எவ்வளவு வாசிச்சும் எனக்குத் தெரியேல்லை.